நான்காம் விதியில் ஒரு பிழை

புளியந்தீவில் வல்லிபுரம் முதலாளி தண்ணீர்ப் பம்புக் கம்பெனியைத் தொடங்கியபோது ஆட்கள் இரண்டே பேர்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டில் பதினான்கு பேராகிவிட்டார்கள். ஆள் கூடினால் முதலாளிக்கு ஆசையும் கூடுமே! கொழும்புக் கம்பெனியொன்றின் பயண விதிகளை எங்கிருந்தோ வாங்கிவந்து கிளார்க் மங்கையற்கரசியின் மேசையில் போட்டார்.

"இதப் பாத்து நமக்கும் எழுதுங்க, தங்கச்சி."

ஹோட்டல் அறை, டாக்சி, சாப்பாட்டு பில். மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரடியனாத்தில ஹோட்டலுக்கு எங்க முதலாளி போற?"

"அப்ப, நம்மட ஊருக்கு ஏத்த மாதிரி எழுதுங்க."

வாவிக்கு அக்கரையில், கரடியனாற்றுப் பக்கம், சண்டை எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நான்காம் விதியை இப்படி எழுதினாள்: மூன்று மணி தாண்டினால் திரும்பி வரக்கூடாது, அந்த ஊரில் தன் குடிக்காரர் வீட்டில் தங்க வேண்டும். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடி என்றால் முன்பின் தெரியாதவரும் உடன்பிறப்புத்தான். விசாரித்து விசாரித்து, யார் எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போவது என்று பட்டியலும் போட்டாள்.

அவளுடைய புருசன் யோகராசாதான் கம்பெனியின் பம்பு திருத்துபவன். அவனுக்கு ஒரே நக்கல்.

"கண்டவன் வீட்டுப் பாயில எனக்கு நித்திர வராது புள்ள. நாலு மணிக்கு வெளிக்கிட்டாலும் ஆமிக்காரன் சென்றி பூட்ட முதல் வந்திருவன்."

"வந்து கிழிச்சீங்க!"

வியாழக்கிழமை அவன் சைக்கிளில் கரடியனாற்றுக்குப் போனான். நாலரை மணிக்கு அந்த வீதியில் ஷெல் விழுந்தது என்ற செய்தி வந்தது. யோகராசா வரவில்லை.

விடிந்ததும் மங்கை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கம்பெனிக் கந்தோருக்கு ஓடினாள். பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் பிழை கண்ணில் பட்டது. யோகராசாவின் பெயருக்கு நேரே கலிங்க குடி என்று எழுதியிருந்தாள். அது அவளுடைய குடி, அவள் பிள்ளைகளின் குடி. அவனோ படையாண்ட குடி. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதைக் கை அப்படியே எழுதிவிட்டது. வேற்றுக் குடி வீட்டுக்குப் போனால் ரோசக்காரன் நிற்பானா? அந்தக் கணமே திரும்பியிருப்பான், நேரே ஷெல்லுக்குள்.

"நானே அனுப்பிப்போட்டனே, முதலாளி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பத்து மணிக்கு யோகராசா வாசலில் வந்து நின்றான். மங்கை பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எங்க போய்த் துலைஞ்சீங்க?" உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது அவளுக்கு.

"நீ எழுதின வீட்டுக்குத்தான். தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம் எண்டுதான் போன. சின்னத்தங்கம் எண்டு ஒரு அம்மா, என்ன குடி எண்டு கேட்டா. நான் படையாண்ட குடி, பொஞ்சாதி கலிங்க குடி எண்டன். முடிஞ்சுது கத! 'எங்கட குடிப் புள்ளைய முடிச்ச மருமகனா? வெறுந்தண்ணியோட அனுப்பினா ஊர் சிரிக்கும்' எண்டு சேவலத் துரத்தத் தொடங்கிற்றா. அது ஆப்பிடுற சேவலா? நாலு மணியாச்சு, போறன் எண்டன். சைக்கிள் சாவியப் பறிச்சு இடுப்பில செருகிற்றா. கறி கொதிக்கக்கதான் ஷெல் விழுந்த."

"உங்கட குடி வீட்டுக்குப் போயிருந்தா?"

"தேத்தண்ணியக் குடிச்சிட்டு வெளிக்கிட்டிருப்பன். தம்பிக்கு ஆரு புள்ள சேவல் அடிக்கிற?" என்றான். நாலரைக்கு அந்த வீதியில்தான் வந்துகொண்டிருந்திருப்பான்.

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழையை வெட்டப் பேனாவை எடுத்தாள். முதலாளி அவள் கையைத் தடுத்தார்.

"அத வெட்டாதீங்க. எல்லாருக்கும் பொஞ்சாதிட குடியையே எழுதுங்க."

அவள் எழுதினாள். நான்காம் விதியின் கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: "மருமகனாகப் போக வேண்டும். சாப்பிடாமல் எழும்பக்கூடாது."