பதினான்காம் இடத்துக் குழாய்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டனின் ஓரத்தில் உள்ள வீட்டு வண்டிகளை நிறுத்தும் ஒரு காரவன் தளத்தில், பதினான்காம் இடத்துக் குழாயில் தண்ணீர் நிறுத்தப்பட்டது.

அங்கே நின்றது படுக்கையும் கழிவறையும் உள்ளேயே கொண்ட, சச்சிதானந்தனின் தம்பியுடைய கேம்பர் வான். சச்சிதானந்தனும் மனைவி சுலோச்சனாவும் மகள் கம்சிகாவும் இல்ஃபோர்டில் வாடகைக்கு இருந்த வீட்டின் உட்கூரை மழையில் ஊறி விழுந்துவிட்டது. கவுன்சில் தர முன்வந்த தற்காலிக அறை மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. கம்சிகாவுக்கு ஏ லெவல் பரீட்சையின் கடைசித் தாள் வெள்ளிக்கிழமை காலை. அதுவரையாவது லண்டனுக்குள் இருந்துவிட வேண்டும் என்றுதான் வானை இரவல் வாங்கினார்கள்.

இணைப்பைச் சச்சிதானந்தன் ஒழுங்காகவே செய்திருந்தார். குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதன் வாயைத் துடைத்து, அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளைத் துண்டை முதலில் திருகினார். குடிநீருக்கென்றே விற்கும் நீல ஹோஸை அதில் மாட்டி, மறுமுனையை வானின் பக்கவாட்டில் பொருத்தினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

சிக்கல் தண்ணீர் மீட்டரில் வந்தது. மூன்று பேருக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு, கழிவு சேரும் கழிவறைப் பெட்டியை ஏன் இத்தனை தடவை கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று தளப் பொறுப்பாளர் கொலின் திங்கட்கிழமை வந்து கேட்டார். உள்ளே வேறு ஆட்களை ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். பக்கத்து இடத்தில் காலை முழுக்கத் தன் வண்டிக்கு நுரை போட்டுக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் எதையும் கேட்கவில்லை.

பதில் எளிமையானது. அந்தக் குடும்பம் தினமும் தலையில் வார்த்துக் குளிக்கும். கழிவறையில் காகிதத்தை நம்பாமல் தண்ணீர் எடுத்துக் கழுவும். ஆனால் மகள் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரரிடம் அதைச் சொல்லச் சச்சிதானந்தனுக்கு வாய் வரவில்லை. வானுக்குள் எங்கோ ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டார்.

ஒழுகும் வண்டியைத் தளத்தில் நிறுத்தக் கூடாது என்பது விதி. மறுநாள் கொலின் தண்ணீரை நிறுத்தினார். வியாழன் மதியத்துக்குள் வெளியேறச் சொன்னார்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் சுலோச்சனாவுக்கு விஷயம் தெரிந்தது.

"ஒழுகுதோ? எங்கை ஒழுகுது, காட்டுங்கோ பாப்பம்."

"வேறை என்னத்தையப்பா சொல்ல? கழுவுறம் எண்டோ?"

"ஓம், அதைத்தான். துடைச்சுப்போட்டு எழும்புறவையே வெக்கப்படேல்லை. கழுவுற உங்களுக்கென்ன வெக்கம்?"

"அம்மா, ப்ளீஸ், மெதுவா. பக்கத்து வானுக்குக் கேக்குது" என்றாள் கம்சிகா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

"கேக்கட்டும். அவைக்கும் பிரயோசனம்."

புதன்கிழமை காலை சுலோச்சனா தனியாகத் தளத்தின் அலுவலகத்துக்குப் போனாள். தாங்கள் எதற்குத் தண்ணீர் பாவிக்கிறோம் என்பதை ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள். கொலினின் முகம் சிவந்தது. அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் கணவர் ஒன்று சொன்னார், நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள், எதை நான் நம்புவது என்றார். வந்து வானின் அலுமாரிகளைத் திறந்து தொட்டுப் பாருங்கள், எல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்று அவள் கூப்பிட்டாள். தான் பிளம்பர் இல்லை என்றார். தகுதி பெற்ற மெக்கானிக் வந்து பார்த்தால் சரி என்றார். அப்படி ஒருவர் அடுத்த வாரத்துக்கு முன் கிடைக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

குழாயே வேண்டாம், கேனில் தூக்கிவந்து சமாளிக்கிறோம், பிள்ளை பரீட்சைக்குப் போகும்வரை ஒரேயோர் இரவு விடுங்கள் என்று கேட்டாள். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்.

அலுவலகத்திலிருந்து வானுக்கு ஒரு நிமிட நடை. ஆட்களை ஒளித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படத் திங்கட்கிழமை அவ்வளவு தூரம் வந்தவர், ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வரவில்லை.

வியாழன் மதியம் வான் வெளியேறியது. வெள்ளிக்கிழமை காலை, இல்ஃபோர்டில் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் தரிப்பிடத்தில் இரவு முழுக்க நின்ற வானிலிருந்து கம்சிகா பரீட்சைக்குப் போனாள்.