படுத்துக்கொண்டே செய்த வில்

என் தங்கை வெர்லினா பிள்ளை பெற்றாள். அவள் புருஷன் கத்பர்ட் படுத்த படுக்கையானான்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, எங்கள் மக்கூஷி ஜனத்தில் இதுதான் வழக்கம். பெற்றவள் எழுந்து மரவள்ளிக்கிழங்கு துருவப் போய்விடுவாள். பெறாதவன் தூளியில் கிடந்து முனகுவான். நாங்கள் எல்லோருமே தூளியில்தான் தூங்குகிறோம், ஆனால் பட்டப்பகலில் அதில் கிடக்கும் உரிமை பிள்ளை பிறந்த அப்பனுக்கு மட்டும்தான். அவன் கத்தியைத் தொடக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, மிளகாய் ஆகாது, பல்லுள்ள மீன் ஆகாது, அம்பு விடுவதை நினைக்கவே கூடாது. புதுக் குழந்தையின் உயிர் உடம்பில் சரியாக ஒட்டும்வரை அப்பனையே சுற்றிக்கொண்டு திரியும். அவன் எதையாவது வீசினால் அதன்மேல் பட்டுவிடும். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை அவனுக்கு இருக்கும் ஒரே வேலை, வேலை செய்யாமல் இருப்பது. அந்த வேலையில் கத்பர்ட்டை அடித்துக்கொள்ள எங்கள் ருபுனுனிச் சமவெளி முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது.

வீட்டோடு மாப்பிள்ளை என்று அவனைக் குத்திக்காட்டவும் வழியில்லை. எங்கள் ஊரில் கல்யாணமான ஆண்கள் எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைகள். எனக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை. நான் பண்ணையில் மாடு மேய்க்கிறவன், மழைக்கு லீவில் வந்திருந்தேன். வந்த இடத்தில் விறகு, தண்ணீர், கிழங்குத் தோட்டம் எல்லாம் என் தலையில் விழுந்தது. மச்சான் தூளியிலிருந்து என்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த அமளியில் லினோ என்று ஒருத்தன் இருப்பதை எல்லோரும் மறந்துபோனோம். தங்கையின் மூத்த பையன், இன்னும் பால்பல்கூட விழாதவன். அதுவரை அம்மாவின் தூளியில் தூங்கியவன். அந்த இடத்தைப் பாப்பா எடுத்துக்கொண்டது. சரி, அப்பாவிடம் போகலாமென்றால், தூளி ஆடினால் சின்ன உயிர் பயந்துவிடும் என்று விரட்டினார்கள். தனக்கென்று கட்டிய புதுத் தூளியில் அவன் ஏறவே இல்லை. நாயோடு தரையில் படுத்தான். பாப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேச வேண்டி வந்தால் 'அது' என்பான்.

அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை, ஒரு வில். வெர்லினாவின் வயிறு பெரிதாக இருந்தபோது கத்பர்ட் வாய் கொழுத்துப்போய் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்: பாப்பா வருகிற அன்றைக்கு உனக்கு வில். தான் கத்தியைத் தொடவே கூடாத நாளாகப் பார்த்து வில் செய்வதாகச் சொன்ன முதல் மக்கூஷி என் மச்சானாகத்தான் இருக்கும். முன்கூட்டியே செய்து ஒளித்துவைக்கலாம் என்று கணக்குப் போட்டானாம். நல்ல மரக்கொம்பு ஒன்றைக் கூரையில் காயவும் போட்டிருந்தான். பாப்பா அவனைக் கேட்காமல் முன்னதாகவே வந்துவிட்டது.

லினோ தூளிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அது வந்துடுச்சுல்ல? வில்லு எங்க?"

"மாமா செஞ்சு தருவாரு."

"மாமாவுக்கு வில்லு செய்யத் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா அவரு கத்தியத் தொடலாமே."

இப்படியாக என் தகுதி நிர்ணயிக்கப்பட்டது. எனக்குக் கயிறு தெரியும், மாடு தெரியும், மரம் தெரியாது. பரவாயில்லை, சொல்லித் தருகிறேன் என்றான் கத்பர்ட். அதற்குள் பக்கத்து வீட்டு அகஸ்டா அத்தை வந்துவிட்டாள். இந்த விலக்குகளுக்கெல்லாம் தன்னைத் தானே அதிகாரியாக நியமித்துக்கொண்டவள். சொல்லித் தருவதும் ஆகாது, வாயால் வெட்டினாலும் வெட்டுத்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

ஆகவே கத்பர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் கொம்பை எடுத்துச் செதுக்கினேன். அவன் இருமினான். அடுப்புப் புகை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் செதுக்கினேன். இன்னும் பலமாக இருமினான். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தேன். நல்ல சத்தத்தோடு இரண்டாக உடைந்தது. லினோ ஒரு துண்டை எடுத்து நாய்க்குப் போட்டான்.

"மச்சான், நான் ஒண்ணும் சொல்லல," என்றான் கத்பர்ட் கூரையிடம். "வில்லோட முதுகுல கத்தி வெக்கற ஆள இப்பத்தான் பார்க்கறேன்."

பேசிவிட்டான், பேசிவிட்டான் என்று அகஸ்டா அத்தை வாசலிலிருந்து கத்தினாள்.

அடுத்ததாகக் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி வந்தேன். கட்டைவிரல் பருமன், லினோவை நிறுத்தி அவன் தாடை உயரத்துக்கு அளந்தது. இந்த முறை இருமலைக் காது கொடுத்துக் கேட்டேன். வெளிப்பக்கத்தில் பட்டையோடு விட்டுவிட்டு வயிற்றுப் பக்கத்தை மட்டும் சீவினேன். பையன் பிடிக்கிற நடு இடத்தைத் தடிமனாக விட்டு, இரண்டு ஓரங்களையும் மெலிதாக்கினேன். வளைத்தால் வில்லின் ஒரு கை குனிந்தது, இன்னொரு கை விறைத்துக்கொண்டு நின்றது. விறைத்த கையைச் சீவச் சீவ இருமல் குறைந்தது, இரண்டும் சமமானதும் நின்றே விட்டது. நுனிகளில் நாண் மாட்டக் காடி வெட்டி, நாரை முறுக்கிக் காளையைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டேன். அந்த இடத்தில் மட்டும் யாரும் எனக்காக இருமத் தேவைப்படவில்லை. பனையோலை ஈர்க்கில் அம்புகள். யார் கண்ணையும் குத்தாதபடி நுனியில் தேன்மெழுகு உருண்டை. என் கட்டைவிரலிலிருந்து கொஞ்சம் ரத்தமும் போனது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

லினோ அதை வாங்கி நேரே அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். கத்பர்ட் தொடாமல் கண்ணாலேயே மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினான். அன்று முழுக்கப் பையன் எய்தான். பானையைக் குறி பார்த்தான், படவில்லை. நாயைக் குறி பார்த்தான், அது கொட்டாவி விட்டது. கோழிகள் வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தன. பெரிய வேட்டைக்காரன்தான் போ என்று சொல்லிச் சிரித்தது அங்கே நான் ஒருவன்தான். பையன் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பழகினான்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள்ளேயே ஒரு அம்பு விட்டான். கத்பர்ட்டின் தூளிக்கு மேலே, தூணில் ஒரு பல்லி இருந்தது. அம்பு சுவரில் பட்டு அப்பாவின் காலடியில் விழுந்தது. அகஸ்டா அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள், வெர்லினா அதட்டினாள், நான் பையனைத் தூக்கி வெளியே விட்டேன்.

மத்தியானம் பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்க மாட்டேன் என்றது. வெர்லினா கிழங்கை அப்படியே போட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுகாதார நிலையத்துப் பெண் வந்து மருந்து ஊற்றி, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள். கத்பர்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அப்போது அவனைக் கேலி செய்யவில்லை. லினோவுக்கும் இந்தப் பாப்பாவுக்கும் நடுவில் ஒரு குழந்தை வந்து, தங்காமல் போனது. அந்தச் சமயம் கத்பர்ட் படுக்கவில்லை. வேலிக்கு மரம் வெட்டக் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தான். யாரும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் சூடு இறங்கியது. பாப்பா முட்டி முட்டிக் குடித்தது. மருந்துதான் காரணம் என்றாள் சுகாதார நிலையத்துப் பெண். தான் ஊதிய புகையிலைப் புகை என்றாள் அகஸ்டா அத்தை. இருவரும் பெருமையைப் பங்கு போட முடியாமல் நின்றார்கள். அப்போதுதான் லினோவைக் காணவில்லை என்பது என் புத்தியில் பட்டது.

அடுப்புக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். கையில் வில் இல்லை.

"வில்லு எங்கடா?"

அடுப்பைக் காட்டினான். சாம்பலுக்குள் ஒரு நுனிதான் மிச்சமிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. விறகுதான் வேண்டுமென்றால் செதுக்காமலே வெட்டித் தந்திருப்பேனே, என் விரலை ஏன் அறுத்துக்கொள்ள வைத்தாய் என்று கேட்டேன்.

"பாப்பா மேல பட்டுடுச்சு, மாமா," என்றான்.

பாப்பா என்ற வார்த்தையை அவன் சொல்லி அன்றுதான் கேட்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ஆறுதல் சொன்னேன்.

"நீ விட்ட அம்பு இந்த ஊர்ல எது மேலடா பட்டுச்சு? கோழி உன்னப் பார்த்து நகரக்கூட இல்ல. பானையத் தொட முடியாதவன் கண்ணுக்குத் தெரியாத உயிரப் போயித் தொட்டியா? நீ குறி பார்த்தது பல்லிய. அதுவே சௌக்கியமா இருக்கு."

"பல்லிய இல்ல," என்றான். "அதத்தான் குறி பார்த்தேன். அப்பாகிட்டதான் இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கொட்டகைக்கும் தூளிக்கும் நடுவில் ஓலைத் தட்டிதான் தடுப்பு. உள்ளேயிருந்து கத்பர்ட் கூப்பிட்டான். லினோ என் விரலை, அந்த அறுபட்ட விரலைத்தான், இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நீ அம்பு விட்டத அது பார்த்துடுச்சு," என்றான் கத்பர்ட், படுத்தபடியே. "விலகிக்கிச்சு. ஒண்ணும் படல. ஆனா பயந்துபோயி என் நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கு, எறங்க மாட்டேங்குது. உங்கிட்ட வில்லு இல்லன்னு அது பார்க்கணும். ஆட்டாம மெதுவா வந்து இங்க படு."

இரண்டு பேர் ஏறினால் தூளி ஆடும், ஆகவே ஆகாது என்று அகஸ்டா அத்தை ஆரம்பித்தாள். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னான் கத்பர்ட். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் போய்விட்டாள்.

லினோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, அப்பாவின் விலாவை ஒட்டி மல்லாந்து படுத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரித்து வைத்துக்கொண்டான்.

ஆக, கொடி விழும்வரை எங்கள் வீட்டில் வேலை செய்யாமல் படுத்திருந்த ஆண்கள் இரண்டு பேர். இருவருக்கும் மிளகாயில்லாத கஞ்சியைச் சுமந்தது நான். கத்பர்ட்டாவது கிண்ணத்தைக் கையில் வாங்கிக் குடித்தான். லினோவுக்கு நான்தான் ஊட்ட வேண்டியிருந்தது. கரண்டியைப் பிடித்தால் கையை மூட வேண்டி வரும், மூடினால் உள்ளே என்ன இருக்கிறதென்று பாப்பாவுக்குத் தெரியாது என்றான்.