புறங்கை

கூடத்தில் இருந்தவர்கள்: இறந்தவளின் கணவரும் கல்லூரியில் இயந்திரவியல் துறைத் தலைவருமானவர், அவரோடு வேலை பார்க்கும் பேராசிரியர்கள் இருவர், பாலம் கட்டும் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்த மைத்துனன், கையில் ஃபைலோடு கல்லூரி எழுத்தர், சுவரில் சாய்ந்து இறந்தவளின் அக்கா, வாசற்படியில் தயங்கி நின்ற பழைய மாணவி ஒருத்தி. நடுவே ஐஸ் பெட்டிக்குள் அவள். இன்ஜினியர்கள் மட்டும் நாலு பேர். மாணவியை யாரும் எண்ணவில்லை.

பெட்டி நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. மணி பதினொன்று. வெளிநாட்டிலிருந்து மகன் வந்துசேர நாலு ஆகும்.

“கம்ப்ரசர் போச்சு” என்றார் ஒரு பேராசிரியர். “கேஸ் லீக்” என்றார் மற்றவர். மைத்துனன் போனில் அந்த மாடலின் கையேட்டைத் தேடினான். பெட்டி கொடுத்தவன் போனை எடுக்கவில்லை. துறைத் தலைவர் இருபத்தாறு வருடமாகக் குளிர்பதனப் பாடம் நடத்துகிறவர். சுழற்சிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். இந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் அவருக்குப் பெயர் ‘தியரி’. வைத்தவள் மனைவி, அதே கல்லூரியில் பட்டறைப் பொறுப்பாளர். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டுக்காரர்களை நாலு வாரம் நீரேற்று நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போவாள். முதல் வாரம் புத்தகம் கிடையாது. மோட்டாரைத் தொட வேண்டும், அதுவும் புறங்கையால். மின்சாரம் கசிந்தால் உள்ளங்கை கவ்விக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும். தொட்டுவிட்டு என்ன தெரிகிறதென்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் மறுபடியும் தொட வேண்டும்.

அந்த நாலு வாரத்தை எடுத்துவிடலாம், பட்டறையையும் மூடிவிடலாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையிலேயே செய்துவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை தியரி கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் அப்போது ஆஸ்பத்திரியில். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டமாட்டாள், சிரிப்பாள். அதற்குத்தான் பயம்.

“சார், நான் பாக்கட்டுமா?” என்றாள் வாசற்படியில் நின்ற மாணவி.

“நம்ம அரியர் இல்ல இது?” என்று ஒரு பேராசிரியர் முணுமுணுத்தார். பதினொரு பேப்பர் பாக்கி வைத்தவள். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவள் சொன்னால்தான் மெஷின் ஓடும்.

மண்டியிட்டாள். முகர்ந்தாள். பெட்டியின் அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“துணியை யாரு இப்படிச் சொருகினது?”

“நான்தான்” என்றான் மைத்துனன். “வயரெல்லாம் அசிங்கமா தெரிஞ்சுது.”

“காத்துப் போற வழியை அடைச்சிட்டீங்க சார். சூடாகி அதுவா நின்னிருக்கு. ஒண்ணும் கெடல. கால் மணி நேரம் யாரும் கை வைக்காதீங்க.”

“அவங்க எங்கடி கை வச்சாங்க?” என்றாள் அக்கா. யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

மாணவி துணியை உருவினாள். எழுத்தரிடம் கை நீட்டினாள். “அந்த ஃபைலைக் குடுங்க, விசிறணும்.”

எழுத்தர் தியரியைப் பார்த்தார். தியரி தலையை அசைத்தார்.

இருபதாவது நிமிடம் பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி உறுமியது. அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.

எழுத்தர் தியரியை ஓரமாகக் கூப்பிட்டார். “கேக்கற நேரமில்ல சார். பட்டறைச் சாவி மேடம்கிட்டதான் இருந்துச்சு. இன்னிக்கு சீல் வைக்கணும். ஆர்டர்ல உங்க கையெழுத்து.”

“ஆர்டர் எங்க?”

“அந்தப் பொண்ணு கையில.”

“அங்கயே இருக்கட்டும்.”

“சாவி?”

“சாவி தர்றதா இல்ல.”

நாலரைக்கு மகன் வந்தான். ஐந்தரைக்குத் தூக்கினார்கள். வண்டியின் பின்கதவு சேரவில்லை. டிரைவர் மூன்று தடவை அறைந்து சாத்தினான். மூன்று தடவையும் திறந்துகொண்டது. நாலாவது அறைக்கு மைத்துனன் கை ஓங்கினான்.

“இருங்க மச்சான்” என்றார் தியரி.

கீலில் புறங்கையை வைத்தார். கதவு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கதவை அரை விரற்கடை தூக்கி, மெதுவாகத் தள்ளினார். கொக்கி விழுந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினான்.