நேப்பிள்ஸில் இடமா, வலமா?

கப்பல் ஏற இன்னும் பதினொரு நாள் இருக்கும்போதே என் மனைவி மரிகோ பெட்டி கட்டி முடித்துவிட்டாள். முடித்துவிட்டுச் சும்மா இருந்தாளா? மறுநாள் காலை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பி, மறுபடியும் அடுக்கினாள். முப்பத்துநாலு வருஷம் ஒரே ஒரு துணிப்பையோடு கப்பல் ஏறி இறங்கியவன் நான். ஒன்பது நாள் உல்லாசப் பயணத்துக்கு இவள் பண்ணும் அமர்க்களத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை.

நாற்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எங்கள் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்த பரிசு அது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ஏற வேண்டும். நேப்பிள்ஸ், ஜெனோவா, மார்செய், பார்சிலோனா, திரும்பவும் பிரேயஸ். ஏதென்ஸில் இருக்கும் மகள் அன்னெசோ தினமும் சாயங்காலம் போனில் புதிது புதிதாக யோசனை சொல்வாள். மரிகோ போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"அம்மா, பெரிய பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிக்குவாங்க. ரூமுக்கு வந்து சேர எந்நேரம் ஆகுமோ. பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாத்துத் துணி, எல்லாம் கைப்பையில இருக்கணும், தெரியுதா?"

"எழுதிட்டேன். இஸ்திரிப் பெட்டியைப் பெரிய பெட்டியில வச்சுட்டேன்."

"எடுத்து வெளிய வை. கப்பல்ல விடமாட்டாங்க. தீப்பிடிக்கும்னு பயம்."

"அப்ப உங்கப்பா கசங்கின சட்டையோட ஜெனோவாவுல நடக்கணுமா?"

"கசங்கலைப் பாக்க ஜெனோவாவுல யாரும் காத்துக்கிட்டு இல்லம்மா. இதைக் கேளு. ஒவ்வொரு ஊர்லயும் சுத்திப் பாக்க பஸ், கைடு எல்லாம் இப்பவே பதிவு பண்ணிடலாம். கடைசியில கேட்டா இடம் கிடைக்காது. நீங்களா சுத்திட்டு நேரத்துக்கு வரலைன்னா கப்பல் உங்களுக்காக நிக்காது."

மரிகோ பேனாவைக் கீழே வைத்தாள். "கைடா? உங்கப்பா இருக்கும்போது எனக்கு எதுக்குடி கைடு? அந்த நாலு ஊரும் உங்கப்பாவுக்கு நம்ம ஊர்ச் சந்து மாதிரி."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

அந்த நாலு ஊரில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. துறைமுகம் பார்த்திருக்கிறேன். பாரந்தூக்கிகள், எண்ணெய் மிதக்கும் தண்ணீர், வேலியோரம் ஒரு டெலிபோன் கூண்டு. நான் எஞ்சின் அறை ஆள். கப்பல் ஓடும்போது எஞ்சினைத் திறக்க முடியாது, கரையில் கட்டினால்தான் திறக்கலாம். மேல்தளத்து ஆட்கள் தலை சீவிக்கொண்டு ஊருக்குள் போகும்போது நாங்கள் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கிக் கசடு வழித்துக்கொண்டிருப்போம். வழித்து முடிக்கும்போது கப்பல் கிளம்பத் தயாராக இருக்கும்.

பிறகு வீட்டுக்கு என்ன எழுதுவது? கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணுக்கு, 'இன்று மூன்றாவது சிலிண்டரைத் துடைத்தேன்' என்றா? எங்கள் வயர்லெஸ்காரன் அர்கீரிஸுக்குக் கரையில் வேலையே கிடையாது. நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கதை அளப்பான். அவன் நின்ற இடத்தில் என்னை நிறுத்தி எழுதினேன், அவ்வளவுதான். முதல் கடிதம் விளையாட்டு. பதிலில் அவள், 'இன்னும் எழுது' என்று கேட்டிருந்தாள். எவன்தான் நிறுத்துவான்?

இப்போது அவளுடைய நோட்டின் பின்பக்கத்தில் நாலு ஊருக்கும் நாலு தாள். நேப்பிள்ஸ்: வளைவுக்குக் கீழே எலுமிச்சைச் சாறு பிழியும் ஒற்றைக்கண்ணன். ஜெனோவா: மலைக்குள் ஏறும் லிஃப்ட், மேலே போனால் ஊரின் கூரைகள் எல்லாம் காலடியில். பார்சிலோனா: கிளி விற்கும் தெரு. கடிதங்களைப் பார்த்துக்கூட எழுதவில்லை. எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"அந்த ஒத்தக்கண்ணன் இன்னும் இருப்பானா, யாகுமி?" என்று கேட்டாள்.

"செத்திருப்பான்."

"ஏன் எரிஞ்சு விழற?"

"நாப்பது வருஷம் ஆச்சு மரிகோ."

"அவன் பையன் இருப்பான். கடை எங்க போயிடப் போகுது?"

ஊர்க் கடைத்தெருவில் நேப்பிள்ஸைப் பற்றிய கையடக்கப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கழிவறைக்குள் உட்கார்ந்து படித்தேன். எத்தனை தெரு, எத்தனை சர்ச்! வரைபடத்தில் எல்லாம் இருந்தது, ஒற்றைக்கண்ணனின் வளைவுதான் இல்லை. இருபது வளைவு இருந்தது, அதில் எது அவனுடையது? மரிகோ கதவைத் தட்டினாள்.

"அரைமணி நேரமா உள்ளயே இருக்கியே. வயித்துக்கு மாத்திரை தரவா?"

"ஒண்ணுமில்லை."

"கைப்பையிலயும் ரெண்டு அட்டை போட்டுடறேன்."

உட்கார்ந்தால் நிற்க வேண்டும் போலிருந்தது, நின்றால் நடக்க வேண்டும் போலிருந்தது. காபிக் கடைக்குப் போனேன். அங்கே லெயனார்தோஸ் இருந்தான். மேல்தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னோடு இரண்டு கப்பலில் இருந்தவன். கடை முழுவதும் கேட்கும்படி கத்தினான்.

"வாங்கப்பா கைடு! உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றா. எஞ்சின் எலிக்கு எப்படா இத்தாலி தெரிஞ்சுது?"

"வாயை மூடுடா."

"நான் மூடிக்கிறேன். நேப்பிள்ஸ் மூடுமா?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் சொன்னதுதான் நிஜம். துறைமுக வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் நான் திருதிருவென்று விழிப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். ஊரில் மற்றப் பெண்களின் புருஷன்கள் குடித்தார்கள், சூதாடினார்கள், வேறு பெண் வைத்திருந்தார்கள். என் யாகுமி ஊர் பார்க்கிறவன், அதை எனக்கு எழுதுகிறவன் என்று அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். அந்த ஒரு பெருமையையும் நானே பிடுங்கப் போகிறேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடல்காரர்களைக் காப்பாற்றும் புனித நிக்கோலஸுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, கப்பலை எப்படியாவது நிறுத்திவிடு என்று வேண்டிக்கொண்டேன். அவரிடம் இப்படி ஒரு வேண்டுதல் இதற்கு முன் போயிருக்காது. ஆனால் மறுநாளே காற்று எழுந்தது. வடகாற்று, வேகம் எட்டிலிருந்து ஒன்பது, புயலுக்குச் சமம் என்று ரேடியோ சொன்னது. எங்கள் தீவிலிருந்து ஃபெரி எதுவும் கிளம்பக் கூடாது என்று துறைமுகத்தில் தடை போட்டார்கள். மாடிக்குப் போய்க் கொடியில் துணி பறப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். அரைமணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

"காத்து அடங்கற மாதிரி தெரியலை மரிகோ. நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டுகளைத் தொட்டுப் பார்த்து மூடினாள். "அதுக்குத்தானே நாலு நாள் முன்னாடியே கிளம்பறோம்னு சொன்னேன். தீவுக்காரங்க கடைசி நாள் கிளம்பினா கப்பல் கையை ஆட்டிட்டுப் போயிடும். முப்பத்துநாலு வருஷம் உன்னை அனுப்பி வச்சவளுக்கு இது தெரியாதா?"

இரண்டு நாள் வீசிய காற்று மூன்றாம் நாள் காலையில் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது. தடை நீங்கியது. தீவின் கவ்ரியோ துறைக்கு பஸ், அங்கிருந்து ஏதென்ஸ் பக்கத்து ரஃபீனாவுக்கு ஃபெரி. பிரேயஸில் பெரிய கப்பல் ஏற இன்னும் முழுதாக ஒரு நாள் மிச்சம் இருந்தது. புனிதரும் அவள் பக்கம்தான் போலிருக்கிறது.

ஃபெரியின் மேல்தளத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். நான் நாலு தடவை எழுந்து போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாம் தடவை எழுந்தபோது சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். நோட்டைத் திறந்தாள்.

"நேப்பிள்ஸ்ல காலைல எட்டு மணிக்கு இறங்கறோம். வாசலைத் தாண்டினதும் எந்தப் பக்கம் திரும்பணும்? இடமா, வலமா?"

வலம் என்று புத்தகத்தில் இருந்தது. வலம் என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியாது," என்றேன்.

"மறந்துட்டியா?"

"மறக்கலை. நான் போனதே இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கசடு, சிலிண்டர், சாப்பாட்டு மேஜை, அர்கீரிஸ். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.  நான் முடித்ததும் அவள் நோட்டில் விரலை வைத்துக் கேட்டாள்.

"ஒத்தக்கண்ணன்?"

"அர்கீரிஸ்."

"கிளித் தெரு?"

"அர்கீரிஸ்."

"ஜெனோவா லிஃப்ட்?"

"அதுவும் அவன்தான்."

"அப்ப நான் அர்கீரிஸையே கட்டியிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல் இறங்கினதுபோல் இருந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை நாள் செத்தோம் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த லிஃப்ட் கடுதாசி எப்ப வந்துது, ஞாபகம் இருக்கா?"

"எண்பத்தாறா இருக்கும். குளிர்காலம்."

"மார்ச்சு. என் தங்கச்சி கொண்டுவந்து குடுத்தா. நான் ஏதென்ஸ்ல ஆஸ்பத்திரில படுத்திருந்தேன்."

"ஆஸ்பத்திரியா? எதுக்கு?"

"நாலாவது. அஞ்சு மாசம் முடிஞ்சிருந்துது. போயிடுச்சு."

  முட்டாள்தனமாக ஒன்று வாயில் வந்தது.

"நீ எழுதினியே... நல்ல மழை, எல்லாரும் சௌக்கியம்னு."

"மழை பெஞ்சது நிஜம்."

"ஏன் சொல்லலை மரிகோ?"

"கப்பல்ல இருக்கறவனுக்கு யாராவது கெட்ட சேதி எழுதுவாங்களா? உங்கப்பா போனதை உனக்கு எப்ப சொன்னாங்க?"

நாற்பதாம் நாள் பூசையெல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள். எங்கள் தீவில் எல்லாக் கப்பல் வீட்டிலும் அப்படித்தான். கப்பலில் இருப்பவன் மனசு கலங்கினால் கை தவறும் என்பார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும், இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை? என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கே தெரிந்திருக்கும். காபிக் கடையில் என்னைக் கிண்டல் பண்ணிய லெயனார்தோஸுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"அந்தக் கடுதாசியைக் கட்டில்ல வச்சுக்கிட்டு உன்னைத் திட்டினேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் இங்க இப்படிக் கெடக்கேன், இவன் லிஃப்ட்ல ஏறிக் கூரை பாக்கறான்னு. வந்தப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வந்தே. உன் முகத்தைப் பாத்ததும் அந்த லிஃப்ட்தான் ஞாபகம் வந்துது. சொல்லக் கூடாதுன்னு தோணிடுச்சு. ஊர்ல எல்லார்கிட்டயும் உன் கடுதாசியைப் பத்திப் பெருமையாப் பேசுவேன். வீட்டுக்குள்ள வந்து உன்மேல எரிச்சல்படுவேன். ரெண்டும் நிஜம்தான்."

அந்த மார்ச்சு மாதம் நான் ஜெனோவாவில் எஞ்சினுக்குள் முழங்காலிட்டு, கண்ணில் எண்ணெய் வழிய, கந்தலால் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியிருந்தால் அவளும் உள்ளதை எழுதியிருப்பாள். கட்டிலில் கிடந்தவளுக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிருக்கும், அழுவதற்கு ஒருவன் இருந்திருப்பான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் பொய் சொன்னேன் என்று இத்தனை காலம் எனக்குள் ஒரு திமிர்கூட இருந்தது. வெட்கமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கைப்பையின்மேல் வைத்தேன்.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டேன்.

"பொண்ணு."

ஒலிபெருக்கியில் ரஃபீனா வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சுற்றிலும் எல்லோரும் எழுந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்கள். மரிகோ நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"பேரு ஏதாவது நெனச்சு வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன். இங்க வேண்டாம். கப்பல்ல ஏறினப்புறம் சொல்றேன்." எழுந்து பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். "ஒன்பது நாள் இருக்கே யாகுமி. ஒவ்வொண்ணா சொல்றேன்."