கீறல் தங்காத பிலிம்

"இந்தக் கண்ணாடிக் காகிதத்துக்கா இவ்வளவு அலட்டல்?" என்று, காரின் பெயின்ட் மேல் ஒட்டும் பிலிமின் துண்டை விரலால் சுண்டினார் புதுக்கார்க்காரர்.

"காகிதம்னு சொல்லாதீங்க சார், அதுக்குக் கோவம் வந்துடும். இழுத்துப் பாருங்க" என்றாள் கடைக்காரி.

இழுத்தார். ரப்பர் போல நீண்டு, விட்டதும் சுருங்கிக்கொண்டது.

"இன்னொரு வகையும் இருக்கு. மலிவு. ஆனா நாளாக ஆக மஞ்சளடிக்கும், கீறல் விழுந்தா விழுந்ததுதான். இது அப்படியில்ல. சூடு பட்டா லேசான கீறல் தானா மறைஞ்சிடும்."

பேசுவது அவள் பொறுப்பு, ஒட்டுவது கணவன் பொறுப்பு. கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மகள் இறந்தபின்னும் அவன் கடைக்கு வந்தான், சொன்ன வேலையைச் செய்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக ஒருவனே ஒட்டுகிற வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டான். முழுக் கார் என்றால் அது முடியாது. பானெட்டுக்கு ஒரே பெரிய விரிப்பு. ஒருத்தர் ஓரத்தை இழுத்துப் பிடிக்க, மற்றவர் சோப்புத் தண்ணீர் அடித்து ரப்பர் தகட்டால் நீரைத் தள்ள வேண்டும். "பிடி, விடாதே" என்றாவது அவன் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்காகவே அவளுக்கு இந்தக் கார் வேண்டியிருந்தது.

"தானா மறையுமாக்கும்! பொண்ணுக்குக் கோவமே வராதுன்னு எங்க மாமனார்கூடத்தான் சொன்னார்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "துண்டுல கீறிக் காட்டட்டுமா சார்?"

"துண்டுல என்ன வித்தை வேணாலும் காட்டலாம். கார்ல காட்டுங்க."

கணவன் பிளேடு வாங்கப் போயிருந்தான். கடையின் இருட்டு மூலையில், இதே பிலிம் ஒட்டிய அவர்களுடைய கறுப்புக் கார் உறைக்குள் கிடந்தது. அவன் அதை வெளியே எடுப்பதே இல்லை. "பேட்டரி செத்துடும், ஒரு தடவையாவது கிளப்புங்க" என்று அவளும் சொல்லி அலுத்துவிட்டாள். காலையில் டீ டம்ளரோடு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். மறைவாக அழுகிறான் என்று நினைத்து அந்தப் பக்கமே போகமாட்டாள்.

உறையை உருவினாள்.

"இதோ, முன்விளக்குப் பக்கம் கோடு கோடா இருக்கே."

"உறை உரசியிருக்கும் சார். பாருங்க இப்ப."

கெட்டிலில் இருந்த வெந்நீரை நிதானமாக ஊற்றினாள். கோடுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. துணியால் ஒற்றி எடுத்தபோது பானெட் பளிங்காக இருந்தது.

"அடேங்கப்பா! மாமனாரை விட நீங்க நேர்மை. நாளைக்கே காரை விடறேன், முழுசா ஒட்டிடுங்க."

அவர் போனதும் கணவன் வந்தான். "என்னங்க, முழுக் கார்!" என்று எதிரே ஓடினாள். அவன் தரையில் கிடந்த உறையைப் பார்த்தான். நேரே போய் விளக்கருகே குந்தி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

"சுடுதண்ணி ஊத்தினியா?"

"ஆமா. ஒரு கோடு பாக்கியில்ல."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"வாலு வரைஞ்சது அது."

அவளுக்கு விளங்கவில்லை. மகளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"என்ன வரைஞ்சா?"

"நம்ம மூணு பேரையும். உன் ஹேர்பின்னால. ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அதுக்கு முந்தின நாள். குந்திப் பார்த்தாத்தான் தெரியும். நான் பார்த்ததும், அம்மாகிட்ட சொல்லாதப்பான்னு அழுதா. அழாதே, வெயில்ல நிறுத்தினா தானா போயிடும்னு சொன்னேன்."

"நீங்க வெயில்ல நிறுத்தவே இல்ல."

"இன்ஜின் சூடுகூடப் படவிடல."

கெட்டில் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லமாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேனே."

"நான் திட்டியிருப்பேனா?"

யோசித்தான். "திட்டியிருப்பே."

அவள் கெட்டிலோடு அவன் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

"மலிவுப் பிலிம் ஒட்டியிருந்தா இருந்திருக்கும்" என்றான். "நம்ம காராச்சேன்னு இருக்கிறதிலேயே நல்லதா ஒட்டினேன்."

தலையைச் சாய்த்து அவளும் பார்த்தாள். ட்யூப்லைட்டின் வெளிச்சமும் இரண்டு முகங்களும் தவிர அந்தக் கறுப்பில் எதுவும் இல்லை.

"நான் எப்படி இருந்தேன்?"

அவள் விரலைப் பிடித்து ஈரத்தின் மேல் வைத்தான். "இது உன் கொண்டை. தலையை விடப் பெரிசு. இது வாய். திறந்திருந்துச்சு. சிரிக்கிறியா கத்துறியான்னு தெரியல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் கேக்கணும்னு இருந்தேன்."

"அவ?"

"இந்தப் பக்கம் வா. இன்னும் கொஞ்சம். கீழே."

விரல் வழுவழுவென்று போனது. எங்கும் தட்டவில்லை.

"இங்கதான். ஒரு கை உன்கிட்ட, ஒரு கை என்கிட்ட."

அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. முகத்தைத் துடைக்கக் கையை எடுக்கப்போனாள்.

"பிடி" என்றான் அவன். "விடாதே."