அக்கா மூச்சு விட்ட இடங்கள்

மின்னலுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பாட்டைப் போட்டுக் கேட்பான், பாதியில் நிறுத்துவான், எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான், தெருச் சத்தம் வருகிறதே என்று மறுபடி சாத்துவான். பாட்டில் ஏதோ சரியில்லை. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

மின்னல் என்பது கம்பெனி வைத்த பெயர். சோப்போ, பெயின்டோ, செருப்போ, எந்த விளம்பரமானாலும் காலையில் சொன்னால் சாயங்காலம் பாட்டு தயார். இந்தத் தொழிலில் பட்டப்பெயர் கிடைத்தால் ஏதோ மாலை போட்டார்கள் என்று பூரித்துப் போவோம். அது மூக்கணாங்கயிறு என்பது, இழுக்கும்போதுதான் தெரியும். அவனும் பத்து வருடமாகப் பூரித்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்தப் பாட்டு விளம்பரம் இல்லை. அவனே மெட்டமைத்து, அவன் பெயரிலேயே வெளிவரப்போகிற முதல் பாட்டு. கெஞ்சிக் கூத்தாடிக் கம்பெனி மேனேஜரிடம், பாட்டை வெளியிட ஒரு வெள்ளிக்கிழமையை வாங்கியிருந்தான். பாடியது அவனுடைய அக்கா. பெரிய பெரிய பாடகர்களுக்குப் பின்னால் கோரஸில் நின்றே இளமையைக் கழித்தவள். இப்போதுதான் அவள் குரலில் ஒரு கனம் வந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வயசாகிவிட்டது என்பது. நன்றாக இருக்கிறது நியாயம்! அந்தக் கனத்துக்காகவே அவன் இந்த மெட்டைப் போட்டான். போன வாரம் அவள் பாடியபோது பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழ வைத்த அந்தப் பாட்டு எங்கே போய்த் தொலைந்தது?

தாளத்தைக் குறைத்துப் பார்த்தான். புல்லாங்குழலை எடுத்துவிட்டுப் பார்த்தான். மைக்கைத் திட்டினான். மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். காலையில் அனுப்பியதைக் கேட்டிருந்தார்.

"தலைவா, பிரமாதம்! பளிங்கு மாதிரி இருக்கு. சாயங்காலம் கடைசி ஃபைலை அனுப்பிடு, வெள்ளிக்கிழமை விட்டுடலாம்."

"சார், எனக்கு என்னவோ..."

"உனக்கு எப்பவுமே என்னவோதான். கேக்குறவன் போன்ல ஒவ்வொரு பாட்டா விரலால தள்ளிக்கிட்டே போறான்யா. இதுல எங்கயும் தொய்வே இல்ல. அதான் வேணும்."

தொய்வே இல்லை. அந்தச் சொல் போனை வைத்த பிறகும் அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை முடிந்து அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறிவிட்டு, "ஏன்டா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? போடு, கேப்போம்" என்றாள்.

அவளுக்குப் போட்டுக் காட்டவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது சரணம் வந்தபோது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"டேய், எனக்கு மூச்சு முட்டுதுடா."

"என்னக்கா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. இந்தப் பாட்டுல இருக்குறவ எப்படா மூச்சு விடுறா?"

மின்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. விளம்பரப் பாட்டில் முதல் வேலையே, வரிக்கு வரி பாடுகிறவர்கள் இழுக்கிற மூச்சைத் தேடி நறுக்குவதுதான். இருக்கிற கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கெல்லாம் ஏது இடம்? போனில் பேசிக்கொண்டே நறுக்குவான், அவ்வளவு பழக்கம். அக்காவின் பாட்டையும் அப்படியே கை போன போக்கில் நறுக்கித் தள்ளியிருக்கிறான். செய்தது நினைவில்கூட இல்லை. கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கும் என்று முதல் பதிவையும் அழித்துவிட்டிருந்தான். அதுவும் விளம்பரப் பழக்கம்தான்.

"நான்தான்க்கா. உன் மூச்ச நானே எடுத்துட்டேன்."

"அடப்பாவி, கொலகாரா!" என்று அக்கா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவமானமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளும் சிரிப்பை நிறுத்தினாள். "சரி விடு. அவங்களுக்குப் புடிச்சிருக்குல்ல? அனுப்பு. உன் பேரு வரட்டும்டா."

"வேணாம்க்கா. மறுபடி பாடு."

"இப்பவா? காலைலேருந்து வந்தவங்க பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட கட்டியிருக்கு."

"கட்டின தொண்டையோடயே பாடு."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். முதல் வரிக்கு முன்னால் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். மின்னலின் கை தானாக மவுஸை நோக்கி நகர்ந்தது. கண்ணாடி வழியாக அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தி, விறுவிறுவென்று வெளியே வந்து, மவுஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். திரும்பிப் போய் மைக் முன்னால் நின்றாள்.

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டான். ஒரு வரியின் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மெட்டு அங்கே கொஞ்சம் நின்று அவளுக்காகக் காத்திருந்தது. போன வாரம் அழுத இடம் அதுதான். மறுபடியும் அழுதான்.

எதையும் நறுக்காமல், கீபோர்டிலேயே தட்டி அப்படியே அனுப்பினான். சற்று நேரத்தில் மேனேஜரின் போன் வந்தது.

"என்னய்யா இது? மத்தியானம் நல்லா இருந்ததக் கெடுத்து வச்சிருக்க! வரிக்கு வரி ஏதோ இரைச்சல் கேக்குது. அதைத் தூக்கிட்டு அனுப்பு."

"அது இரைச்சல் இல்ல சார். எங்க அக்கா."

"யாரா இருந்தா எனக்கென்ன? தூக்கு. இல்லேன்னா வெள்ளிக்கிழமைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

வாசலில் அக்கா ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மேனேஜர் போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது; வம்பு வேண்டாம், சரியென்று சொல் என்று தலையை ஆட்டினாள்.

"குடுத்துடுங்க சார்" என்றான்.

மேனேஜர் போனை வைத்துவிட்டார். அக்கா கைப்பையைத் திறந்து மவுஸை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும்க்கா. செருப்பக் கழட்டு, இன்னொரு வாட்டி கேப்போம்."