மட்கார்டு மேல் கையெழுத்து

அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் சுப்புராயனும் உட்கார்ந்திருந்தால் இந்த நாடு இவ்வளவு குழப்பத்துக்கு ஆளாகியிருக்காது. இதைச் சுப்புராயனே பல முறை சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை.

அன்று காலையும் அப்படித்தான். வாசலில் நின்ற அவருடைய டிராக்டரின் மட்கார்டு மேல் தாளை விரித்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் ராஜாம்பாள். அவள்தான் ஊராட்சித் தலைவர். காலனிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கிவிட்ட பதவி. சுப்புராயன் துணைத் தலைவர். தலைவரின் நாற்காலி ஊராட்சி அலுவலகத்தில் பாழாகிவிடக்கூடாதே என்று தன் வராந்தாவில் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டார்.

"டில்லியில ஜனாதிபதியா இருந்தாலும் மந்திரிங்க நீட்டற எடத்துல கையெழுத்து போடணும், அதான் சட்டம். நீ இன்னா பெரிய பிரசிடெண்டு? போடு."

"போட்டுட்டேங்க. எங்க தெருவுல பாதி பேரு ஓட்டு லிஸ்ட்ல இல்லீங்க. மரவள்ளி புடுங்க கரியாலூருக்குப் போன நேரமா லிஸ்ட் சரிபாக்க வந்து, ஆளே இல்லன்னு எழுதிக்கினு போயிட்டாங்க. நீங்களும் வந்து தாலுக்கா ஆபீசுல ஒரு வார்த்தை சொன்னா..."

"மனு எழுதிக்கினு அலைங்க. நான் இந்த ஊருதான்னு ஊர்ல பொறந்தவன் எங்கனா எழுதிக் குடுப்பானா? அப்டி கெஞ்சறவன் இன்னா குடிமகன்?"

தட்டிலேயே கை கழுவி வாசலில் வீசினார். தண்ணீர் அவள் காலில் தெறித்தது. அவள் துடைக்காமலே போனாள்.

தட்டை எடுக்க வந்த கமலா புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"லிஸ்ட்ல உங்க பேரும் இல்லியாம். பையன் போன்ல பாத்தான்."

"எவன் எடுத்தான்?"

"உளுந்தூர்பேட்டை வூட்டு விலாசத்துலயும் ஒரு ஓட்டு வச்சிருந்தீங்களே. ரெண்டையும் எடுத்துட்டாங்களாம்."

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவன் நிற்க முடியாது. சுப்புராயன் தாலுக்கா ஆபீசுக்கு ஓடினார். ஊரில்தான் குடியிருக்கிறார் என்று தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"நான் துணைத் தலைவருங்க."

"உங்களுக்கு நீங்களே எழுதிக்குவீங்களா?"

ராஜாம்பாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. திரும்பவும் அனுப்பினார். போன ஆள் கமலாவிடம் பதில் சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

"வூட்லதான் இருக்குதாம். வேணும்னா உங்கள வரச் சொல்லிச்சாம்," என்றாள் கமலா. அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது போல் அவருக்குப் பட்டது.

மத்தியான வெயிலில் சுப்புராயனின் டிராக்டர் காலனிக்குள் நுழைந்தது. ராஜாம்பாள் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அது அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று.

"ஒரு கையெழுத்து வேணும்."

"போடறேங்க. இந்த ஊர்லதான் இருக்கறேன்னு மொதல்ல நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க."

"என்னை உனக்குத் தெரியாது?"

"நல்லாத் தெரியும்ங்க. எங்க ஆளுங்களையும் உங்களுக்கு அப்டித்தானே தெரியும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உக்காந்து எழுத எதனா..."

"ஆபீசு நாற்காலி உங்க வூட்டுல கெடக்குதுங்க."

சுப்புராயன் டிராக்டருக்குத் திரும்பினார். மட்கார்டு மேல் தாளை விரித்தார். தகரம் கொதித்தது, அதில் கையூன்றி எழுத முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். நின்றபடியே, கையைத் தூக்கித் தூக்கி வைத்து எழுதினார்:

'ஐயா, நான் இந்த ஊரைச் சேர்ந்தவன்தான் என்பதைப் பணிவுடன்...'

ராஜாம்பாள் குறுக்கிட்டாள்.

"ஐயா இல்லீங்க. அம்மான்னு போடுங்க."

அடித்துவிட்டு எழுதினார்.